சிவப்புக் கோடு இறங்கிய மாதம்

எங்கள் காகித ஆலையின் வாசலில், காவல் அறையை ஒட்டி, ஒரு தகரப் பலகை உண்டு. வெள்ளைப் பெயின்ட் அடித்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, அதில் இரண்டு கோடுகள் வரைந்திருக்கும். நீலக் கோடு நாங்கள். சிவப்புக் கோடு அவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு அது. எங்களைப் போலவே முன்னுக்கு வரப் பாடுபடும் நாடு. எங்களைப் போலவே நோட்டுப் புத்தகமும் அட்டைப் பெட்டியும் கை துடைக்கும் தாளும் செய்து கப்பலேற்றும் நாடு. அங்கே ஏற்றுமதிக்கென்று ஓடுவது ஒரே ஒரு ஆலை. இங்கேயும் நாங்கள்தான் ஏறக்குறைய எல்லாம். அதனால் இரண்டு நாட்டுக் கணக்கு என்பது உண்மையில் இரண்டு ஆலைகளின் கணக்கு. அந்த நாட்டின் பெயரை எங்கள் ஆலையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'அவங்க' என்றால் போதும். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தி வீட்டைச் சொல்வது போல உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்வார்கள்.

அந்தக் கோடுகளை மாதாமாதம் வரைந்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆலை முழுக்க அவருக்கு 'பலகை' என்றுதான் பெயர். எனக்குப் பலகை அண்ணன். ஏற்றுமதிப் பிரிவில் அவர் மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. சரக்கோடு போகும் கப்பல் காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலையில் சேராது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வளரும் நாடுகளின் காகிதப் பொருள் ஏற்றுமதியைத் தொகுத்து மாதம் ஒரு அறிக்கை எங்களுக்கு வரும். அது வந்த அன்றைக்கு அண்ணனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. கூட்டுவார், கழிப்பார், மறுபடியும் கூட்டிப் பார்ப்பார். மாதத்தின் முதல் வேலைநாள் காலையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். பெயின்ட் டப்பாவை ஏணியில் மாட்டி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் கோட்டை இழுப்பார். அவர் இறங்கும் வரை காவல்காரர் கேட்டைத் திறக்க மாட்டார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள்.

மனிதர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்க வைத்து, எங்கள் ஆலையிலேயே கூழ்த் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்து, அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். சாப்பாடு கீழே. மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் சோறு இறங்காது. தங்கை இரண்டு பேரையும் சேர்த்து அதட்டுவாள். அந்த வீட்டுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் கேட்காமலேயே எடுத்துத் தின்னும் வீடு அது.

முதலில் பலகையில் இருந்தது டன் கணக்கு. நீலக் கோடு மேலே தன்பாட்டுக்குப் போகும். சிவப்பு அடியில் எறும்பு ஊர்வது போல ஊரும். யாரும் நின்று பார்த்ததில்லை. பிறகுதான் புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு பலகையைப் பார்த்து, இதனால் என்ன பயன் என்று கேட்டார். டன் வேண்டாம், போன வருடம் இதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று போடுங்கள் என்றார். போட்டோம். அடுத்த நாள் காலை வாசலில் கூட்டம் கலையவே இல்லை. நீலம் ஐந்தில் கிடந்தது. சிவப்பு நாற்பதில் நின்றது. அன்றிலிருந்து மேனேஜருக்கு 'சதவீதம்' என்று பெயர் விழுந்தது. அவர் காதிலும் அது விழுந்தது. அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த நாற்பது எங்கே இருந்து வந்தது என்பது அண்ணனுக்குத் தெரியும். அவர்கள் சின்ன ஆலை. கொஞ்சம் கூட்டினாலே சதவீதம் எகிறும். சாப்பிடும்போது அவர் இதை விளக்கப் போக, மாப்பிள்ளை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே கேட்டாராம்: "எனக்கு நாலு முடி இருக்கு. இன்னும் நாலு முளைச்சா நூறு சதவீதம். அதுக்காக உங்க தங்கச்சி ஜடையை நான் தாண்டிட்டேன்னு அர்த்தமா, மச்சான்?" இதைவிடத் தெளிவாக அந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை என்று மறுநாள் அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்ததெல்லாம் அந்த மாதத்தோடு சரி.

ஏனென்றால் சிவப்பு அந்த நாற்பதை விட்டு இறங்காமல் நிற்க நிற்க, ஆலைக்குள்ளே ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் டீ நேரம் குறைந்தது. பிறகு மிஷினின் வேகத்தைக் கூட்டினார்கள். தாள் வெட்டும் மிஷினுக்கு ஆள் போதவில்லை என்று மற்றப் பிரிவுகளிலிருந்து ஆட்களைப் பிடுங்கிப் போட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வாசலில் நின்று சிவப்புக் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். சில பேர் அண்ணனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கோட்டை ஏற்றியது அவர்தான் என்பது போல.

கடைசியில் வருடாந்திர நிறுத்தத்தில் கைவைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆலையை முழுவதுமாக நிறுத்தி, கூழ்த் தொட்டிகளைக் காலி செய்து கழுவுவது வழக்கம். காகிதக் கூழ் தேங்கி நின்றால் அடியில் அழுகும். அழுகினால் ஒரு விஷவாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் அடிக்கிறவரை பயப்பட ஒன்றுமில்லை என்பார் மாப்பிள்ளை. அது அளவுக்கு மேல் போனால் மூக்கு செத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி ஆள் இறங்குவான். இதைச் சொல்லும்போது மட்டும் மாப்பிள்ளை முகத்தில் கிண்டல் இருக்காது.

அதனால்தான் தொட்டிக்கென்று சில கட்டுப்பாடுகள். நாள் முழுக்கக் காற்றடித்த பிறகுதான் இறங்க வேண்டும். இறங்குகிறவர் தோளிலும் இடுப்பிலும் கயிறு கட்டியிருப்பார். மேலே தொட்டி வாயில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வரும். மேலேயிருந்து ஒரு இழுப்பு போகும். வேலை முடியும்வரை மாறி மாறி இதேதான். கயிறு பிடிக்கிறவர் யாரோடும் பேசக்கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. என்ன நடந்தாலும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது, இறங்க யாரையும் விடவும் கூடாது. பெரிய அதிகாரியே வந்தாலும் வணக்கம் வைக்க வேண்டியதில்லை. ஆலையில் அந்தச் சலுகை உள்ள ஒரே வேலை அதுதான் என்று நாங்கள் பொறாமைப்படுவதாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்த வருடம் நிறுத்தம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஆலை ஓடும்போதே ஒவ்வொரு தொட்டியாகக் கழுவிக்கொள்ளலாமாம். காற்றடிக்க அரை ஷிப்ட் போதுமாம். வாயுவை அளக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் மேனேஜர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் தனியாகப் போனால் பாதி பேச்சைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். டன் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர்கள் நம்மில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, நாற்பதைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை, நிறுத்தத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? டன்னைக் காட்டினா தூங்கிடுவாங்க. பின்னாடி ஒருத்தன் துரத்துறான்னு தெரிஞ்சாத்தான் மனுஷன் ஓடுவான்."

அவர் தெரியாமல் செய்கிறார் என்று அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தவரிடம் என்ன பேசுவது? வெளியே வந்தபோது அண்ணன் பெயின்ட் கறை படிந்த விரல்களை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இரண்டு காகிதங்களில் துறைமுகத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வெட்டும் மிஷின் மக்கர் செய்ய, மிஷின் கம்பெனியிலிருந்து ஃபிட்டர் வந்தார். அதே கம்பெனியின் மிஷின்தான் அவர்களிடமும் இருந்தது. அங்கேயும் இவர்தான் போய்வருவார். வாசலில் பலகையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாராம். டீ குடிக்க எங்கள் பிரிவுக்கு வந்தபோது அண்ணனிடம் சொன்னார்:

"அங்கேயும் கேட்டுக்குப் பக்கத்துல இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. ஆனா அங்க டன் கணக்கு. உங்க கோடு உச்சியில நிக்கும், அவங்க கோடு தரையில கிடக்கும். 'அவங்க எங்கே, நாம எங்கே'ன்னு சொல்லிச் சொல்லியே ஓட விடுறாங்க."

அங்கே நிறுத்தம் உண்டா என்று அண்ணன் கேட்டார். இந்த வருடம் அங்கேயும் இல்லையாம். முன்பு ஒருமுறை போனபோது தொட்டிப் பக்கம் நாற்றம் தாங்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்ததாகச் சொன்னார் ஃபிட்டர். "இந்தத் தடவை கேட்டேன். இப்போ நாத்தமே இல்லை சார்னு சொன்னாங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். ஃபிட்டருக்கு மிஷின்தான் தெரியும், தொட்டி தெரியாது. அவர் பாட்டுக்கு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அன்று வீட்டில் அண்ணன் அந்த வார்த்தையை அப்படியே மாப்பிள்ளையிடம் சொன்னபோது, மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். யாருக்குச் சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் கூட நமக்குத் தெரியாதே என்று மாப்பிள்ளை சொன்னதாகத் தங்கை பின்னால் என்னிடம் சொன்னாள்.

அடுத்த அறிக்கை வந்தது. அண்ணன் பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிவப்பு நாற்பதிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பாதிக்கு மேல் விழுந்திருந்தது. செய்தி எப்படித்தான் பரவியதோ, அரை மணி நேரத்தில் ஆலைக்குள் விசில் சத்தம். வெட்டும் மிஷின்காரர்கள் தாளைக் கிழித்துத் தலைக்கு மேலே எறிந்தார்கள். மாதக்கணக்காகத் துரத்திய நாய் தடுக்கி விழுந்தது போல அவர்களுக்கு ஒரு நிம்மதி. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கே ஒரு நொடி மனம் லேசாகத்தான் இருந்தது.

அண்ணன் மட்டும் போனை எடுத்து ஃபிட்டரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் "எத்தனை பேர்" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். மிஷின் ஓடும்போதே கழுவ ஒருவர் இறங்கியிருக்கிறார். அவர் எழவில்லை. அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கியிருக்கிறார். அவரைத் தூக்க இன்னொருவர். ஆலையை மூடிவிட்டார்கள். கோடு விழுந்தது அதனால்தான்.

இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணைத் திறந்ததும், அவர்களிடம் வாங்கியவர்கள் எல்லாரும் இப்போது நம்மிடம்தான் வருவார்கள், இந்த நேரத்தில் ஆலையை நிறுத்தவே கூடாது என்றார். மாத முதல் நாள் வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். சிவப்புக் கோட்டைத் தடிமனாகப் போடுங்கள் என்றும் சொன்னார். சிவப்பு ஏறினாலும் நிறுத்தம் இல்லை, இறங்கினாலும் நிறுத்தம் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே முதல் நாள்தான் எங்கள் பெரிய தொட்டியில் மாப்பிள்ளை இறங்க வேண்டிய நாள்.

நீ சொன்னால் அவர் கேட்பார், இறங்க வேண்டாம் என்று நீயே சொல் என்று தங்கை அழுதிருக்கிறாள். அண்ணன் சொன்னார். மாப்பிள்ளை கேட்கவில்லை.

"நான் மாட்டேன்னா அடுத்த முறைக்காரன் இறங்குவான். அவனுக்குக் கயித்துல ஒரு முடிச்சுப் போடத் தெரியாது. அவன் வீட்லயும் ஒருத்தி உக்காந்து அழுவா. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் மச்சான், கயிறு பிடிக்க ஆள். இருந்த ஒருத்தரையும் வெட்டுற மிஷினுக்கு மாத்திட்டாங்க."

"நான் பிடிக்கிறேன்."

"பிரஷ் பிடிக்கிற கைக்கு அதெல்லாம் வருமா?"

"பிரஷையும் யாரோடயும் பேசாமதான் பிடிக்கிறேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, கொல்லையில் வைத்துக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். தங்கை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்து மாறி மாறி இழுத்து விளையாடுவது போல இருந்தது என்றாள்.

முதல் நாள் காலை. பலகை பழைய கோட்டோடு அப்படியே இருந்தது. ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. வெளியாட்கள் வரும் நேரம் நெருங்க, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அண்ணன் எங்கே என்றார். தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். தொட்டிப் பக்கம் போனதாக யாரோ சொல்லிவிட்டார்கள். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று என்னை விரட்டினார்.

பெரிய தொட்டியின் மேல்தளத்துக்கு இரும்புப் படி ஏறிப் போனேன். அண்ணன் தொட்டி வாய்க்கு முன்னால் காலை அகட்டி நின்றிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கயிறு ஒருமுறை அசையும். அவர் கை ஒருமுறை அசையும். அங்கே ஒரு நாற்றமும் இல்லை. நல்ல காற்றாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். மறுநொடி மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. அண்ணே, அவர் கூப்பிடுகிறார் என்றேன். அண்ணன் திரும்பவில்லை.

நான் திரும்பிப் போகாததால் மேனேஜரே படியேறி வந்துவிட்டார். ஒருதரம் கூப்பிட்டார். இரண்டாம் தரம் குரலை உயர்த்தினார். ஆட்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள், பலகை பழைய கோட்டோடு கிடக்கிறது, இங்கே என்ன வேலை உங்களுக்கு என்று கத்தினார். கீழே ஆட்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணன் கல் மாதிரி நின்றார். மேனேஜர் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணனின் கண் கயிற்றை விட்டு நகரவில்லை. அவர் கை ஒருமுறை இழுத்தது. பதில் வரவில்லை. மறுபடி இழுத்தது. வரவில்லை.

"இழுங்க" என்றார் அண்ணன். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அது.

நான் கயிற்றைப் பிடித்தேன். மேனேஜரும் பிடித்தார், அதை நான் மறைக்கக் கூடாது. கீழேயிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து பிடித்தார்கள். பாரம் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு எதிலோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் இறங்கி எடுத்துவிடுகிறேன் என்று தொட்டி வாய்க்கு வந்தார். அண்ணன் கயிற்றை எங்களிடம் விட்டுவிட்டு, அந்த வாயின்மேல் குறுக்காக உட்கார்ந்துகொண்டார். தள்ளினார்கள். திட்டினார்கள். உள்ளே கிடப்பது உன் தங்கச்சி புருஷன்டா என்று ஒருவர் அழுதே விட்டார். அண்ணன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "யாரும் இறங்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கயிற்றைத் தளர்த்துங்கள், தளர்த்திவிட்டுத் திரும்ப இழுங்கள் என்றார். அப்படிச் செய்யக் கொல்லையில் மாப்பிள்ளைதான் சொல்லிக்கொடுத்திருந்தார் போல. இரண்டு தடவை தளர்த்தி இழுத்தோம். மூன்றாவது தடவை மாட்டியது விட்டது.

மாப்பிள்ளையை வெளியே போட்டபோது உயிர் இருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். வெளியே வந்தவர் எங்களுக்குத் தெரிந்த பழைய மாப்பிள்ளை இல்லை. ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துவர அவருக்கு நேரம் பிடித்தது. எந்த வாசனையும் தெரியாது. கிண்டல் சுத்தமாகப் போய்விட்டது. அதற்குப் பதிலாக யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு.

தங்கை அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காப்பாற்ற வந்தவர்களை விடாமல் தொட்டி வாயில் உட்கார்ந்துகொண்டார் என்றுதான் அவள் காதுக்குப் போயிருந்தது. "அவரு உள்ள கிடந்தப்போ நீ மேல உக்காந்திருந்தியாமே, அண்ணே" என்று ஒரே ஒரு தரம் கேட்டாளாம். நான்தான் போய் உட்கார்ந்து, அங்கே மூன்று பேர் போனது ஏன் என்று முதலிலிருந்து சொன்னேன். அங்கே வாயில் உட்கார ஓர் அண்ணன் இருந்திருந்தால் ஒருவரோடு போயிருக்கும், ஒருவேளை அவரும் பிழைத்திருப்பார் என்றேன். அவள் கேட்டாள், அழுதாள். அடுத்த நாள் மாடிக்குச் சாப்பாடு போனது. கீழே வந்து சாப்பிடு என்று கூப்பிட இன்னும் நாளானது.

ஆலைக்கு அதிகாரிகள் வந்து பூட்டுப் போட்டார்கள். மாதம் முழுக்கப் பூட்டு. அடுத்த அறிக்கை வந்தபோது எங்கள் நீலக் கோடு தலைகீழாக விழுந்திருந்தது. அண்ணன் இனிமேல் பிரஷைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அந்தக் கோட்டை இழுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதை இழுத்துவிட்டு இறங்கியபோது மேனேஜர் கீழே நின்றிருந்தார். கயிறு உரித்த உள்ளங்கைகளில் இன்னும் கட்டுப் போட்டிருந்தார். கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்:

"அடுத்த வருஷம் இதே மாசம் பாருங்க. இது இவ்வளவு கீழ இருக்கிறதால, நாம எங்கயோ போயிடுவோம்."

கையில் கட்டோடு நிற்கிறவர் என்றும் பாராமல் அவரை ஓர் அறை அறையலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்ன கணக்கு சரி. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஒரு வருடம் போனது. எங்களுக்கு நிறுத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் ஏற்றுமதிப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தொட்டிப் பிரிவுக்குப் போய்விட்டார். கயிறு பிடிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. ஆனாலும் ஆலையில் அவர் பெயர் பலகைதான். மாப்பிள்ளைக்கு வாசலில் காவல்காரருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே போகிற வருகிற எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

அறிக்கை வந்தது. நாங்கள் எப்போதும் ஏற்றுகிற சரக்கைத்தான் ஏற்றியிருந்தோம். ஆனால் போன வருடம் அதே மாதம் ஆலை பூட்டிக் கிடந்ததால், பக்கத்தில் வைத்துப் பார்க்க அநேகமாக எதுவுமே இல்லை. சதவீதம் ஆகாயத்துக்குப் போய்விட்டது. பலகையில் இடம் போதாமல், மேனேஜர் தச்சரைக் கூப்பிட்டு மேலே ஒரு துண்டுத் தகரம் வைத்து அடிக்கச் சொன்னார்.

முதல் நாள் காலை நான் ஏணியில் ஏறினேன். எனக்கு உயரம் பயம் என்பதால் அண்ணன் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்று ஃபிட்டரும் வந்திருந்தார். அவர்கள் ஆலையைத் திறந்து ரொம்ப நாளாயிற்றாம். விட்டதைப் பிடிக்க நிறுத்தமே இல்லாமல் ஓட்டுகிறார்களாம். நம் மேனேஜர் எங்கோ ஒரு கூட்டத்தில் இந்தப் பலகையைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் மேனேஜர் டன் கணக்கை அழித்துவிட்டு, அங்கேயும் சதவீதத்துக்கு மாறிவிட்டாராம்.

நான் கோட்டை இழுத்தேன். பழைய தகரத்தைத் தாண்டி, தச்சர் அடித்த துண்டையும் தொட்டுக்கொண்டு அது நின்றது. கீழே கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளையும் நாற்காலியிலிருந்தபடியே தட்டினார். தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"இந்தக் கோட்டை... அங்கயும் வரைவாங்களா?"

வரைவார்கள் என்றேன்.

அவர் அதை மனதில் போட்டுப் புரட்டினார்.

"அப்போ அங்க... கயிறு யாரு பிடிக்கிறாங்க?"

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் அவரையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்ததால் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

"பிடிக்கிறதுக்குன்னு ஒருத்தரை வச்சிருந்தாங்க. போன வாரம்தான் அவரை மிஷினுக்கு மாத்தினாங்க."